பெஸ்கடேரோ வழியாக ஒரு நாள் சைக்கிள் சுற்று: வேகம் வேறுபட்ட இருவர் சேர்ந்து போகலாமா?

கேள்வி (ஃப்ரீமான்ட் வாசி)

அனைவருக்கும் வணக்கம். கலிஃபோர்னியாவில் சான் மாட்டியோ கடலோர மலைகளில் சைக்கிள் மிதித்துப் பழகியவர்களிடம் ஒரு பயணம் பற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது. அக்டோபர் இரண்டாவது சனிக்கிழமை நானும் என் நண்பரும் உட்சைட்டிலிருந்து கிளம்பி, ஓல்ட் லா ஹோண்டா சாலையில் ஏறி, மலைக்கு அப்புறம் இறங்கி, லா ஹோண்டா, பெஸ்கடேரோ, சான் கிரகோரியோ ஆகிய ஊர்களைக் கடந்து, டுனிட்டஸ் கிரீக் சாலையில் மறுபடியும் மலையேறி, கிங்ஸ் மவுண்டன் சாலை வழியாக உட்சைட்டுக்கே திரும்பலாம் என்று நினைத்திருக்கிறோம். மொத்தத் தூரம் எண்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஏற்றங்களை எல்லாம் கூட்டினால் ஐயாயிரம் அடியைத் தாண்டுகிறது.

தூரத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவை ஒட்டிய சமதளப் பாதையில் எழுபது கிலோமீட்டர் வரை சிரமமின்றி மிதித்திருக்கிறேன். ஏற்றம்தான் கவலை. சைக்கிள் ஓட்டத் தொடங்கி எட்டு மாதங்களே ஆகின்றன. ஓல்ட் லா ஹோண்டாவில் ஒரே ஒரு முறை ஏறியிருக்கிறேன். அடிவாரப் பாலத்திலிருந்து உச்சியில் உள்ள தபால் பெட்டிகள் வரை 41 நிமிடங்கள் பிடித்தன, மேலே போய்ச் சேர்ந்தபோது பேச்சு வரவில்லை. என் எடை 76 கிலோ, சைக்கிள் 9 கிலோ. முன்பக்கச் சிறிய பற்சக்கரத்துக்கு 34 பற்கள், பின்பக்கம் மிகப் பெரியதற்கு 28 பற்கள்.

நண்பர் கல்லூரிக் காலத்திலிருந்து பழக்கம். அதே ஏற்றத்தை அவர் 27 நிமிடங்களில் முடிப்பவர். மெதுவாகப் போகலாம், உன்னோடு வருவதற்குத்தான் வருகிறேன் என்று அவர் மனதாரச் சொல்கிறார். ஆனால் ஒவ்வொரு மேட்டின் உச்சியிலும் ஒருவர் காத்துக்கொண்டு நிற்கிறார் என்ற நினைப்பு எனக்குச் சுமையாகிவிடுகிறது. அந்த நினைப்பில் என் சக்திக்கு மீறி மிதித்து, கடைசி மலையில் கையை விரித்துவிடுவேனோ என்று அஞ்சுகிறேன். இந்தச் சுற்றை எந்தத் திசையில் போவது நல்லது, என் கியர் போதுமா, வழியில் முடியாமல் போனால் எங்கே திரும்பலாம், வேகம் வேறுபட்ட இருவர் ஒரு நாள் முழுவதும் சேர்ந்து போவதற்கு உங்களுடைய முறை என்ன என்று சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

மறுமொழி 1 (மலைப்பாதைப் பழக்கம்)

வணக்கம். பதினோரு ஆண்டுகளாக ஆண்டுக்கு மூன்று நான்கு முறையாவது இந்தச் சுற்றைப் போய்வருகிறேன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். உங்களால் முடியும். ஆனால் இந்தப் பயணத்தில் நான்கு பெரிய வேலைகள் இருக்கின்றன, அவற்றில் மிகப் பெரியது கடைசியில் வருகிறது என்பதைக் காலையில் முதல் மிதியிலிருந்தே மனத்தில் வைத்திருக்க வேண்டும். டுனிட்டஸில் என்ன நடக்கும் என்பது ஓல்ட் லா ஹோண்டாவிலேயே முடிவாகிவிடுகிறது.

கணக்காகவே பார்ப்போம். ஓல்ட் லா ஹோண்டாவின் நீளம் சுமார் 5.3 கிலோமீட்டர், ஏற்றம் ஏறத்தாழ 1,290 அடி, சராசரிச் சரிவு 7 விழுக்காட்டைச் சற்றுத் தாண்டும். உங்களையும் சைக்கிளையும் சேர்த்து 85 கிலோவை அவ்வளவு உயரத்துக்குத் தூக்க 41 நிமிடங்கள் ஆயின என்றால், டயர் உராய்வையும் காற்றையும் சேர்த்து நீங்கள் செலுத்திய திறன் ஏறக்குறைய 145 வாட். அதுதான் பேச்சு வராத நிலை. அன்றைக்கு அதே ஏற்றத்தை 48 அல்லது 49 நிமிடங்களில் ஏறுங்கள். திறன் 120 வாட்டை ஒட்டி இறங்கிவிடும். எட்டு நிமிடத் தாமதம் ஒரு நாள் பயணத்தில் ஒன்றுமே இல்லை, ஆனால் பிற்பகலில் கால்களில் அதன் பலன் தெரியும். ஏறும்போது முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது.

கியர் போதாது என்பதே என் கருத்து. டுனிட்டஸின் நடுப்பகுதியில் 9 விழுக்காடு சரிவில் 130 வாட் செலுத்தினால் வேகம் மணிக்கு 6 கிலோமீட்டர்கூட வராது. 34க்கு 28 என்றால் அந்த வேகத்தில் பெடல் நிமிடத்துக்கு 39 சுற்றுதான் சுற்றும். ஒவ்வொரு மிதியும் படி ஏறுவதுபோல முழங்காலை அழுத்தும். பின்பக்கம் 34 பற்கள் உள்ள கேசட்டை (பின்சக்கரத்தின் பற்சக்கரத் தொகுதியை) மாட்டினால் அதே வேகத்தில் 47 சுற்று கிடைக்கும். இதுவும் மெதுவானதுதான், ஆனால் தசைக்குத் தாங்கும். உங்கள் பின்புற கியர் மாற்றி 34 பற்களுக்கு இடம் கொடுக்குமா, செயினின் நீளம் போதுமா என்பதைக் கடையில் கேட்டு, பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே மாற்றிப் பழகிக்கொள்ளுங்கள்.

இனி வழியைப் பற்றி. ஓல்ட் லா ஹோண்டா உச்சியில், மலைமுகட்டை ஒட்டி ஓடும் ஸ்கைலைன் சாலையைக் குறுக்கே கடந்து, அதே பெயருள்ள மேற்குப் பக்கச் சாலையில் இறங்க வேண்டும். கிழக்குப் பக்கம் முழுக்க மரநிழல். மேற்கே சிறிது தூரம் போனதும் மரங்கள் விலகி, மொட்டைப் புல்மேடுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்து இறங்குவதும், வானம் தெளிவாக இருந்தால் அவற்றின் முடிவில் பசிபிக் கடல் ஒரு கோடாகக் கிடப்பதும் தெரியும். அங்கே கட்டாயம் நில்லுங்கள். சாலை குறுகியது, தளம் கரடுமுரடானது என்பதால் கடலைப் பார்த்துக்கொண்டே இறங்குவது ஆபத்து.

பிறகு 84ஆம் எண் சாலையில் லா ஹோண்டா வரை இறக்கம். அங்கிருந்து இடப்புறம் பெஸ்கடேரோ கிரீக் சாலையில் திரும்பினால் ஹாஸ்கின்ஸ் மேடு. சிறியதுதான், ஆனால் உடம்பு குளிர்ந்த நிலையில் வருவதால் பலரும் இதில் எரிச்சலடைந்து வேகமாக மிதித்துவிடுகிறார்கள். அதைத் தாண்டினால் ரெட்வுட் மரங்களுக்கு நடுவே லோமா மார் வழியாக நெடிய இறக்கம், கடைசியில் விளைநிலங்களுக்கு இடையே சமதளம், பெஸ்கடேரோ. அங்கே 1929 முதல் நடந்துவரும் ஆர்க்கேஞ்சலி மளிகைக் கடையில் ஆர்ட்டிசோக்கும் பூண்டும் சேர்த்துச் சுட்ட ரொட்டி சூடாகக் கிடைக்கும். சைவம் சாப்பிடுபவர்களுக்கும் ஏற்றது. முழு ரொட்டியை ஒருவரே சாப்பிட்டுவிட்டு மலையேறக் கூடாது. பாதி போதும், மீதியைக் கட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெஸ்கடேரோவிலிருந்து வடக்கே கடலோர நெடுஞ்சாலையில் போகாமல் ஸ்டேஜ் ரோட்டைப் பிடியுங்கள். முன்பு குதிரை வண்டிகள் ஓடிய தடம் அது. மூன்று மேடுகள்: சான் கிரகோரியோவுக்கு முன் இரண்டு, பின் ஒன்று. தைல மரங்களின் வாசனையும் மேய்ச்சல் நிலங்களும் தவிர வேறெதுவும் இல்லாத அந்தச் சாலையை இந்தச் சுற்றிலேயே மிக அழகான பகுதி என்பேன். ஆயினும் ஒவ்வொரு மேடும் கால்களிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டுதான் விடும். மூன்றாவது மேடு கடலோர நெடுஞ்சாலையில் கொண்டுபோய் விடும். அங்கே டுனிட்டஸ் திருப்பம் வரை உள்ள சிறிது தூரம் இறக்கம் என்றாலும் வடமேற்குக் காற்று முகத்தில் அடிப்பதால் இறக்கத்திலும் மிதிக்க வேண்டியிருக்கும். வண்டிகள் வேகமாக வரும் இடம் அது. ஓரக்கோட்டுக்கு வெளியே ஒருவர் பின் ஒருவராகப் போங்கள்.

டுனிட்டஸ் சுமார் 14 கிலோமீட்டர், ஏற்றம் ஏறக்குறைய 2,000 அடி. தொடக்கத்தில் ஓடையை ஒட்டி மெல்ல ஏறும், ஏமாந்துவிடாதீர்கள். ரெட்வுட் காட்டுக்குள் நுழைந்த பிறகு நடுவில் மூன்று கிலோமீட்டர் அளவுக்குச் செங்குத்து. அதைக் கடந்துவிட்டால் மேலே சரிவு குறைந்து, உச்சி வரை மூச்சுவிட்டுக்கொண்டு போகலாம். சாலையில் தண்ணீர் கிடைக்கும் இடம் என்று எதையும் நம்ப வேண்டாம். சான் கிரகோரியோவில் இரண்டு குப்பிகளையும் நிரப்பிக்கொள்ளுங்கள். திரும்ப வேண்டுமானால் அதுவும் சான் கிரகோரியோவில்தான். அங்கிருந்து 84ஆம் எண் சாலை லா ஹோண்டா வரை மிதமான சரிவில் ஏறி, பிறகு ஸ்கைலைனை அடைகிறது. வாரக்கடைசியில் மோட்டார் சைக்கிள்கள் மிகுதி என்பது குறைதான், ஆனாலும் டுனிட்டஸைவிட எளிது. அந்தச் சந்திப்பில் நின்று, இருவரும் மனம்விட்டுப் பேசி முடிவெடுங்கள். டுனிட்டஸுக்குள் பாதி தூரம் போன பிறகு திரும்புவதற்கு நல்ல வழி இல்லை.

மறுமொழி 2 (சான் ஹோசே வாசகி)

முந்தைய மறுமொழியில் வழியைப் பற்றிச் சொல்லப்பட்டவை அனைத்தும் என் அனுபவத்துக்கும் ஒத்துப்போகின்றன. நீங்கள் கேட்டவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது கடைசிக் கேள்வி, ஏனென்றால் இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஜூலை மாதத்தில் அதில்தான் நானும் என் தோழியும் தவறு செய்தோம்.

அவள் என்னைவிட வேகமானவள். ஸ்டேஜ் ரோடு முடியும்போதே எனக்குக் கால் வலுவிழந்திருந்தது. அதைச் சொல்ல வெட்கப்பட்டு, "நீ உன் வேகத்தில் போ, உச்சியில் பார்க்கலாம்" என்று டுனிட்டஸ் தொடக்கத்தில் அவளை அனுப்பிவிட்டேன். பெஸ்கடேரோவில் சாப்பிட்டது போதும் என்று எண்ணி இரண்டு மணி நேரமாக எதுவும் தின்னவில்லை. செங்குத்தான பகுதியின் நடுவில் முதலில் கைகள் நடுங்கின, பிறகு குளிர்ந்த வியர்வை, பிறகு சாலை ஓரத்தில் உட்கார்ந்தேன். பையில் உணவு இருந்தும் அதை எடுத்துப் பிரிக்க வேண்டும் என்ற எண்ணம்கூட உடனே வரவில்லை. சர்க்கரை தீர்ந்த உடம்பில் மூளையும் மந்தமாகிவிடுகிறது என்பதை அன்று அறிந்தேன். கைப்பேசியில் சமிக்ஞை இல்லை. அவளோ வியர்த்த சட்டையோடு ஸ்கைலைன் உச்சியில், மூடுபனியில், நாற்பது நிமிடங்களுக்கு மேல் நின்று நடுங்கியிருக்கிறாள். கடைசியில் எனக்கு என்ன ஆயிற்றோ என்று பயந்து, ஏறிய மலையைத் திரும்ப இறங்கி வந்து என்னைக் கண்டுபிடித்தாள். அழுதுகொண்டுதான் வந்தாள்.

அதன் பிறகு நாங்கள் மூன்று பழக்கங்களைக் கைவிடவே இல்லை. ஏற்றத்தில் மெதுவானவர் முன்னால், வேகமானவர் பின்னால். முன்னால் போகிறவருக்குத் துரத்த ஆள் இல்லை, பின்னால் வருகிறவருக்குக் காத்திருக்க இடம் இல்லை. உங்கள் மனச்சுமையில் பாதி இதிலேயே போய்விடும் என்று நம்புகிறேன். வேகமானவருக்குத் தன் வேகத்தில் மிதிக்க ஆசை வந்தால் ஓல்ட் லா ஹோண்டாவில் போகட்டும், அங்கே உச்சியில் காத்திருப்பதில் சிக்கல் இல்லை. டுனிட்டஸில் மட்டும் பிரியவே கூடாது. அடுத்தது உணவு: கைக்கடிகாரத்தில் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை மணி அடிக்க வைத்து, பசித்தாலும் பசிக்காவிட்டாலும் இருவரும் வாயில் எதையாவது போட்டுக்கொள்கிறோம். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து எங்களுக்குச் சரியாக இருக்கிறது. பெரிய பேரீச்சம்பழம் ஒன்றில் 17 கிராம் அளவுக்கும், வாழைப்பழத்தில் 25 கிராமுக்குச் சற்று மேலும் இருக்கும். கடலை மிட்டாய் எனக்குப் பிடிக்கும் என்றாலும் அதில் உள்ள எண்ணெய்ச்சத்தால் மெதுவாகவே செரிக்கிறது. அதைச் சமதளத்தில் சாப்பிடுங்கள், ஏற்றத்தில் வேண்டாம். மூன்றாவது, எவ்வளவு வெயிலாகத் தெரிந்தாலும் ஆளுக்கு ஒரு மெல்லிய காற்றுத் தடுப்புச் சட்டை.

சட்டை எதற்கென்றால், உட்சைட்டில் 30 பாகை வெயில் அடிக்கும் நாளில் கடலோரம் 14 பாகையில் இருப்பது சாதாரணம். வடமேற்குக் காற்று கரையோரக் கடலின் மேல்நீரைத் தள்ளிவிட, ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. அதன்மேல் படும் ஈரக்காற்று மூடுபனியாகிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இது மிகுதி. அக்டோபரில் பெரும்பாலும் வானம் தெளிந்திருக்கும். நல்ல நாளாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள்.

மறுமொழி 3 (எதிர்த்திசைக்காரர்)

திசையைப் பொறுத்தவரை நான் வேறு கருத்துடையவன், காரணங்களையும் சொல்லிவிடுகிறேன். நான் இந்தச் சுற்றை எப்போதும் கிங்ஸ் மவுண்டன் ஏறி, டுனிட்டஸ் இறங்கி, தெற்கே பெஸ்கடேரோ போய், லா ஹோண்டா வழியாகத் திரும்புகிறேன். கிங்ஸ் மவுண்டனின் ஏறக்குறைய 1,500 அடி ஏற்றத்தைக் குளிர்ந்த காலையில், புதிய கால்களோடு முடித்துவிடலாம். கடலோரத்தில் காற்று முதுகுப் பக்கம் இருக்கும். கடைசி ஏற்றமான 84ஆம் எண் சாலையிலும் மேற்கு ஓல்ட் லா ஹோண்டாவிலும் சரிவு சீரானது. டுனிட்டஸைப் போல நடுவில் ஒரு சுவர் எழுந்து நிற்பதில்லை. எட்டு மாதப் பழக்கம் உள்ளவருக்குக் கடினமான சரிவை நாளின் இறுதியில் வைப்பது நியாயமில்லை என்று நினைக்கிறேன்.

எந்தத் திசையில் போனாலும் பிரேக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கடையில் புதுப் பிரேக் கட்டைகள் மாட்டிக்கொண்டு நேராக இந்த மலைக்கு வந்தேன். முன்பக்கக் கட்டை ரிம்மின் மேல் விளிம்பைத் தாண்டி டயரை உரசும்படி பொருத்தப்பட்டிருந்ததைக் கவனிக்கவில்லை. கிங்ஸ் மவுண்டன் வளைவுகளில் ரப்பர் கருகும் வாசனை வந்த பிறகுதான் நிறுத்திப் பார்த்தேன். டயரின் பக்கவாட்டில் நூல் தெரிந்தது. இன்னும் இரண்டு வளைவுகள் போயிருந்தால் வெடித்திருக்கும். கிளம்புவதற்கு முன் பிரேக்கை அழுத்தி, கட்டையின் முழுப் பரப்பும் ரிம்மின் மேல் மட்டும் படிகிறதா என்று குனிந்து கண்ணால் பாருங்கள், ஒரு நிமிட வேலைதான்.

மறுமொழி 4 (மலைப்பாதைப் பழக்கம்)

எதிர்த்திசை பற்றிய வாதம் மதிக்கத்தக்கது, காற்றைப் பற்றிச் சொன்னது முற்றிலும் சரி. ஆனாலும் புதியவர்களை டுனிட்டஸில் இறங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மழையே பெய்யாத நாளிலும் ரெட்வுட் இலைகள் மூடுபனியை வடித்துச் சொட்டுச் சொட்டாகச் சாலையில் விடுகின்றன. மரத்தடியில் ஈரம், மரத்துக்கும் மரத்துக்கும் இடையே உலர்ந்த தளம், அதன்மேல் உதிர்ந்த ஊசியிலைகளும் குச்சிகளும் என்று மாறி மாறி வரும். காலையில் அந்த இருட்டில், வழுக்கும் வளைவில், எதிரே ஒரு கார் வந்தால் ஒதுங்க இடம் கிடையாது. அதே சாலையில் மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுபவருக்கு இவற்றில் ஒன்றும் தொல்லை இல்லை. திரும்பும்போது ஓல்ட் லா ஹோண்டாவின் கிழக்குப் பக்கம் இறங்குவதும் நல்லதல்ல. சனிக்கிழமைகளில் அந்தக் குறுகிய சாலை நிறைய ஏறுபவர்கள் இருப்பார்கள். செங்குத்தில் ஏறிக் களைத்துப்போவதைவிடச் செங்குத்தில் இறங்கி விழுவது மோசம் என்ற ஒரே காரணத்துக்காக, கேள்வியில் சொன்ன திசையையே பரிந்துரைக்கிறேன். காலை ஏழரைக்குக் கிளம்பினால் அக்டோபரில் மாலை ஆறரைக்குச் சூரியன் மறையும்வரை போதிய நேரம் இருக்கிறது. ஆயினும் முன்விளக்கும் பின்விளக்கும் வைத்துக்கொள்ளுங்கள், காட்டுக்குள் பகலிலேயே அவை தேவைப்படும்.

போய்வந்த பிறகு (ஃப்ரீமான்ட் வாசி)

எழுதிய அனைவருக்கும் நன்றி. சனிக்கிழமை போய்வந்தோம். கால் வலி இன்னும் முழுதாக அடங்கவில்லை, ஆனால் நினைவு பசுமையாக இருக்கும்போதே எழுதிவிட விரும்புகிறேன்.

34 பற்கள் உள்ள கேசட்டை இரண்டு வாரம் முன்பே மாட்டிவிட்டேன். அதற்குப் புதிதாக நீளமான செயினும் தேவைப்பட்டது. 280 நெடுஞ்சாலை அருகே உள்ள வண்டி நிறுத்தத்தில் காரை விட்டு, ஏழே முக்காலுக்குக் கிளம்பினோம். ஓல்ட் லா ஹோண்டாவில் நான் முன்னால், நண்பர் பின்னால். முதல் வளைவிலேயே அந்த ஏற்பாட்டின் அருமை புரிந்தது. அவருடைய சக்கரம் சுழலும் மெல்லிய ஓசை பின்னால் கேட்டுக்கொண்டே இருந்ததால் தனியாக விடப்பட்ட உணர்வும் வரவில்லை, துரத்த வேண்டிய அவசரமும் வரவில்லை. கல்லூரி விடுதியின் சமையல்காரரைப் பற்றி முழு வாக்கியங்களில் பேசிக்கொண்டே 49 நிமிடங்களில் மேலே சேர்ந்தோம். மேற்குப் பக்கம் திரும்பியதும் கடலோரத்தை மூடுபனி மூடியிருந்தது. கடலுக்குப் பதிலாக, மலைமடிப்புகளில் பால் நிரப்பியதுபோல வெண்மை தேங்கிக் கிடந்தது. கடலைப் பார்க்க முடியாத வருத்தம் எனக்கு வரவே இல்லை.

ஹாஸ்கின்ஸ் மேட்டைப் பொறுமையாகக் கடந்து, பதினொரு மணிக்குப் பெஸ்கடேரோ. ரொட்டியை ஆளுக்குக் கால்வாசி சாப்பிட்டு மீதியைக் கட்டிக்கொண்டோம். பனி விலகி, ஸ்டேஜ் ரோடு முழுக்க வெயில். இரண்டாவது மேட்டின் உச்சியில் தைல மரங்களின் கீழே நின்றபோது, காற்றில் மரப்பட்டைகள் ஒன்றோடொன்று உரசும் ஓசை மட்டுமே கேட்டது. உதகைக்குப் போகும் பேருந்தில் வரும் அதே வாசனை என்று நண்பர் சொன்னார். இருவரும் சிறிது நேரம் பேசாமல் நின்றோம்.

சான் கிரகோரியோவில் 1889இல் தொடங்கப்பட்ட பழைய கடையின் வாசலில் உட்கார்ந்து, நீங்கள் சொன்னபடி மனம்விட்டுப் பேசினோம். என் வலது கெண்டைக்கால் இறுகத் தொடங்கியிருந்ததை மறைக்காமல் சொன்னேன். உப்பு கலந்த தண்ணீரைக் குடித்து, பத்து நிமிடம் காலை நீட்டியபின் குறைந்தது. போகலாம் என்று நான் சொன்னேன். உறுதிதானா என்று அவர் இரண்டு முறை கேட்டார்.

டுனிட்டஸில் ஓடையோரப் பகுதி இனிமையாகப் போயிற்று. காட்டுக்குள் நுழைந்ததும் வெளிச்சமும் வெப்பமும் ஒருசேரக் குறைந்தன. கைக்கடிகாரத்தில் மணி அடிக்கும்போதெல்லாம் ஆளுக்கு ஒரு பேரீச்சம்பழம். செங்குத்தான பகுதியில் கேசட்டின் மிகப் பெரிய பற்சக்கரத்தில் மிதித்துக்கொண்டிருந்தபோது கெண்டைக்கால் முழுதாகப் பிடித்துக்கொண்டது. இறங்கினேன். நீங்கள் மிதித்துப் போங்கள், அடுத்த வளைவில் பார்க்கலாம் என்று பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது. அவர் பதில் சொல்லாமல் தானும் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் நடந்தார். காலணியின் அடியில் உள்ள இரும்புக் கொக்கிகள் ஈரத் தளத்தில் வழுக்கியதால் இருவரும் ஓரத்து ஊசியிலைகளின் மேல் கால் வைத்து நடந்தோம். அங்கேதான் அந்த மஞ்சள் நத்தையைப் பார்த்தோம்: ஓடு கிடையாது, நடுவிரலைவிட நீளம், பழுத்த வாழைப்பழத்தின் நிறத்தில் கரும்புள்ளிகள். கொம்புபோன்ற கண்களை முன்னே நீட்டி, ஈரமான இடத்தை மட்டும் தேடித் தேடிச் சாலையைக் கடந்துகொண்டிருந்தது. கார் ஏறிவிடுமே என்று நண்பர் ஒரு காய்ந்த இலையில் அதை ஏந்தி மறுபக்கம் விட்டார். அந்த இடைவெளியில் என் காலின் பிடிப்பு விட்டது. மறுபடி ஏறி மிதித்து, சரிவு குறையும் இடத்தை அடைந்தபோது, இனி முடித்துவிடுவேன் என்பது எனக்கே தெரிந்துவிட்டது.

கடலோரச் சாலையிலிருந்து ஸ்கைலைன் வரை எனக்கு ஆன நேரம் 1 மணி 31 நிமிடம். அதில் ஒன்பது நிமிடம் நடந்தது. உச்சியில் காற்றுத் தடுப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பிரேக் கட்டைகளை ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு, கிங்ஸ் மவுண்டனில் மெதுவாக இறங்கினோம். அடிவாரத்தில், 1854இல் கட்டப்பட்ட பழைய உட்சைட் கடையின் எதிரே சைக்கிள்களைச் சாய்த்து வைத்து, சட்டைப்பையில் நசுங்கிக் கிடந்த மீதி ரொட்டியைச் சாப்பிட்டு முடித்தோம். மணி மூன்றரை.

ஏப்ரலில் புல்மேடுகள் பச்சையாக இருக்கும்போது மறுபடியும் போகலாம் என்று பேசியிருக்கிறோம். நடந்த அந்த இருநூறு மீட்டரை அப்போது மிதித்தே கடக்க வேண்டும். கெண்டைக்காலுக்கு ஏதேனும் பயிற்சி தெரிந்தவர்கள் எழுதுங்கள்.